சம்பந்தி ஊற்றிய பச்சைத் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் அப்பாவின் பழைய கோட்டும் மாட்டிக்கொண்டு சமையலறை அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவள் அப்படிப் பொய் சொல்லக் கூடாது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் போய்விட்டது. தானாகப் போகவில்லை, உன் மாமனார் அனுப்பி வைத்தார்.

அவர் பாய்லர் மெக்கானிக் என்பதால் உன் கல்யாணம் ஆனதிலிருந்து நம் பாய்லரை வேறு ஆள் தொட்டதில்லை, தொட்டால் சம்பந்தி முகம் சுண்டிவிடும் என்று அப்பாவுக்குப் பயம். போன மாதம் வந்தவர், அடியில் சேர்ந்த வண்டலைக் கழுவுகிறேன் என்று நெருப்பை அணைக்காமலே கீழ்க்குழாயைத் திறந்துவிட்டார். திறந்த கையோடு டீயை வாங்கிக்கொண்டு முட்டிவலிக் கதையை ஆரம்பித்தார், அது முடிகிற கதையா, தண்ணீர் முழுக்க வடிந்து இரும்பு வெறுமனே காய்கிறது. அப்பாவின் கண்ணெதிரே கண்ணாடிக்குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கி மறைந்திருக்கிறது, பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்புறம் உன் மாமனார் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட, பட்டென்று ஒரு சத்தம், சமையலறையில் நின்ற நான் கரண்டியோடு ஓடி வந்தேன். வார்ப்பிரும்பு மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டுவிட்டது. தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், சம்பந்திகிட்டப் போய் எப்படிச் சொல்றது, மரியாதையா இருக்குமா என்கிறார். இந்த மரியாதையை வைத்துக் குளிர் காயலாமா, சொல்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். உன் மாமனார் வெல்டிங் வைத்தார், ஆறியதும் பக்கத்திலேயே இன்னொரு விரிசல். அதன்மேல் ஏதோ பசையை அப்பினார், மூட்டியதும் அது கருகி வீடெல்லாம் நாற்றம், துவைத்த துணியில்கூட அதே வாடை. தரையில் துருத்தண்ணீர் தேங்கியபடி இருக்க, அப்பா குந்தி உட்கார்ந்து துணியால் ஒற்றிப் பிழிகிறார், இருமுகிறார், போனில் சம்பந்தி கேட்டால் ஜோரா ஓடுதுங்க என்கிறார். அந்த மனிதரோ, உங்க வீட்டு இரும்புக்கு ரோஷம் ஜாஸ்தி என்று சிரிக்கிறாராம். சீ என்றாகிவிட்டது எனக்கு, இரண்டு பேர்மேலும்.

இதையும் பொறுத்திருப்பேன். நேற்று அப்பா மெல்ல வந்து, இந்தத் தடவை லீவுக்குப் பொண்ணை வர வேண்டாம்னு எழுதிடு, எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு, வந்து பார்த்தா மாப்பிள்ளைக்குச் சங்கடம் என்றார். வருஷத்துக்கு ஒரு முறை என் பேத்தியைப் பார்க்கிறேன், அதையும் சம்பந்தியின் பசைக்குப் பலி கொடுக்க வேண்டுமாம். கோட்டைக்கூடப் போடாமல் கடைத்தெருவுக்கு நடந்தேன், வேறொரு மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் ஒரு பார்வை பார்த்து, இதை ஒட்டுனவர் யாருங்க என்றார், அப்பா சுவரைப் பார்த்தார். எங்கள் சம்பந்தி என்று நான்தான் சொன்னேன். இன்று காலை பழைய பாய்லரைச் சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள். இந்த வாரத்துக்குள் புதுசு வந்துவிடும், அறை சூடாக இருக்கும், நீங்கள் வருகிறீர்கள்.

உன் மாமனாருக்கு விஷயம் எட்டியாயிற்று, போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை உன்னிடம் முகத்தைத் தூக்கினால் நீயும் அப்பா மாதிரி சுவரைப் பார்க்காதே. தண்ணீர் இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும், விரிசல் விட்ட பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது.

நன்றாகச் சாப்பிடு, குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு, மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார், இதை அவர் படிக்கவில்லை. எப்போதும் படித்ததும் கிழித்துவிடு என்று எழுதுவேன், இதைக் கிழிக்காதே. மாப்பிள்ளையை எதிரே உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படி.

கோட்டுக்குள் இருந்தபடி,
உன் அம்மா