கெர்ட்ரூடின் எண்

கிள்ளான்,
3.9.2024

ரபேலுக்கு,

வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும். உன் மனைவியின் கல்லறையில் ஒரு எண்ணின் சூத்திரத்தை வெட்டப்போகிறாயாம். உன் அக்கா மகன் பிரையன் சொன்னான். முப்பத்தாறாயிரம் இலக்கம், பகா எண்ணாம்.

உங்கள் கல்யாணத் தேதியை ஆறு இலக்கமாகச் சேர்த்து எழுதினால் தற்செயலாக அது ஒரு பகா எண். அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, மூன்றால் வகுத்தாய். சோதித்தது நான் எழுதிய நிரலில். அது இரண்டை மட்டும் வைத்துச் சோதிக்கும்; பகா எண் அல்லாததும் சிலசமயம் தேறிவிடும். நீ எடுத்த வகையில் எல்லா எண்ணும் அதில் தேறும். இருபத்தொன்பது இரண்டுகளை வைத்துச் செய்து பார். தேறும். ஆனால் 59ஆல் வகுபடும்.

என் பெயரை விட்டுவிட்டு நம் கட்டுரையை வெளியிட்டபோது நிரலையும் கொண்டுபோனாய். அதன் குறைகளை எழுதிய நோட்டு என்னிடம் தங்கிவிட்டது. இயற்பியல் பாடம் நடத்திய உனக்கு இது எங்கே தெரியும்!

வெட்டாதே. மீதி தெரியவேண்டுமானால் நேரில் வந்து கேள்.

திருச்செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்,
29.9.2024

அன்புள்ள செல்வம்,

இருபத்தைந்து வருஷம் கழித்து உன் கையெழுத்து! ஆசையாகப் பிரித்தேன். உள்ளே அதே சண்டை. இன்னுமா அந்தக் கட்டுரை? விட்டுத் தள்ளுலா.

போன சனிக்கிழமை கல் நட்டாயிற்று. கடைசி மாதங்களில் கெர்ட்ரூட் ஹாலில் உன் நிரல் ஓடிய கம்ப்யூட்டர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அதன் விசிறி இரைந்தால், "உங்க பிள்ளை அழுதுலா, போய்ப் பாருங்க" என்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லாதது உனக்குத் தெரியும். எண் தேறிய அன்று, "அப்போ நம்ம கல்யாணம் பாஸ்!" என்று சிரித்தாள். அதற்குமேல் நான் எதைச் சோதிப்பது?

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். ஃபாதர் கல்லறையில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது நீ என் பக்கத்தில் நிற்கவேண்டும். பொறாமையை வீட்டில் வைத்துவிட்டு வா.

உன்
ரபேல்


கிள்ளான்,
21.10.2024

ரபேல்,

பொறாமை என்று எழுதிவிட்டாய். 59ஐ வைத்து வகுத்துக்கூடப் பார்க்கவில்லை. கடிதத்தின் அடியில் இருந்த என் பெயர்தான் உன் கண்ணில் பட்டது.

இத்துடன் உள்ள தாளில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. உன் எண் அதனால் மீதியில்லாமல் வகுபடும். பிரையனிடம் கொடு, ஒரு நிமிஷ வேலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செப்டம்பரில் எழுதியபோதே இந்தக் காரணி என் மேசையில் இருந்தது. அனுப்பியிருந்தால் நீ வெட்டியிருக்கமாட்டாய். ஒரு தடவையாவது என் வாசலில் வந்து நின்று கேட்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். நீ வரவில்லை. அவள் தலைமாட்டில் இப்போது நிற்கும் பொய்யை நீ பாதி, நான் பாதி வெட்டினோம்.

கல்லறைத் திருநாளுக்கு நான் வரமாட்டேன். இதைப் படித்தபின் நீயும் கூப்பிடமாட்டாய்.

பெயர் போட இரண்டு முறை பேனாவை எடுத்தேன். போட்டால் மறுபடி என்னோடுதான் சண்டைக்கு நிற்பாய், கணக்கைப் பார்க்கமாட்டாய். அடியை வெறுமையாக விட்டு, இப்படியே தபாலில் போடுகிறேன்.