மேடத்துக்கு ஒரு கத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சளி விட்டுவிட்டது, கவலைப்படாதீர்கள். சிரிப்பான ஒரு சங்கதி சொல்கிறேன்.

இந்த நாட்டின் புதுச் சட்டப்படி, ஆன்லைனில் கத்தி வாங்குபவர்கள் வயதுச் சான்று காட்ட வேண்டும். தொந்தரவே வேண்டாமென்று மற்ற கம்பெனிகள் விற்பதையே நிறுத்திவிட்டன. எங்கள் கம்பெனி மட்டும் விற்கிறது. சான்றைச் சரிபார்ப்பது என் வேலை.

நேற்று போனில் ஒருத்தி கத்தினாள். "காய் நறுக்குற கத்திம்மா! அதுக்கு என் பாஸ்போர்ட் எதுக்கு?"

குரலிலேயே தெரிந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டை இரண்டு வருஷம் பீரோவில் பூட்டிவைத்து வீட்டு வேலை வாங்கிய அதே மேடம். அவளுக்கு என் குரல் பிடிபடவில்லை. அந்த வீட்டில் "சரி மேடம்" தவிர நான் என்ன பேசினேன்?

"படம் மங்கலா இருக்கு மேடம், திரும்ப அனுப்புங்க" என்றேன். அனுப்பினாள். "ஓரம் வெட்டுப்பட்டிருக்கு" என்றேன். மூன்றாவது படம் பளிச்சென்று இருந்தது. அதையும் செல்லாது என்று தள்ளினேன்.

"ஏம்மா இப்படி இழுத்தடிக்கற?" அழாத குறை.

"பாஸ்போர்ட்டையே எங்ககிட்ட குடுத்திடுங்க. பத்திரமா பூட்டி வைக்கிறோம். நீங்க எங்க போகப் போறீங்க?"

அன்று அவள் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவள் மெதுவாக என் பெயரைச் சொன்னாள். அதுவரை அவளுக்கு நான் வெறும் "ஏய்". போனை வைத்துவிட்டேன். மனசு இன்னும் ஆறவில்லை அம்மா.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சமைக்கும்போது கூப்பிடுகிறேன், போனை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டாம், நம் வீட்டுச் சமையல் சத்தம் கேட்டால் போதும்.

இடைவேளை முடிந்தது. அவள் மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறாள். போகிறேன்.

உங்கள் மகள்