ஒரே குப்பியில் இரண்டு பேர்

என் வீட்டுக்காரருக்கு,

முழங்கால் வலி தேவலையா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நாங்கள் சுகம்.

மகளின் ரத்தச் சோதனையில் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று வந்தது. பதறாதீர்கள். நான் சமைக்கும் விடுதியில் லீவு சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு நானும் போனேன். பேரப்பிள்ளை குறையில்லாமல் வளர்ந்திருக்கிறது. காலை உதறுவதைப் பார்த்தேன், அப்படியே உங்கள் அவசரம்.

அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கும் புரியும்படி டாக்டரம்மா சொன்னார்: "குப்பியில எடுத்த தாய் ரத்தத்துலதாம்மா பிள்ளையோட அணுத் துணுக்கும் கலந்திருக்கும். பிள்ளை நல்லா இருக்கு. அப்போ கோளாறு தாய் உடம்புல இருந்தும் வந்திருக்கலாம். கட்டி ஏதும் இருக்கான்னு பாத்துடுவோம். ஒண்ணுமில்லாமலும் போகலாம். உங்க குடும்பத்துல யாருக்காவது கட்டி இருந்துச்சா?"

உங்கள் அம்மா வயிற்றில் இருந்தது என்ன கட்டி என்று நாத்தனாரிடம் விசாரித்து உடனே எழுதுங்கள். என் பழைய போர்வையையும் அனுப்புங்கள். கூடவே நாலு வரி, வீட்டில் என்ன நடக்கிறதென்று.

வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு முழுக்க ஸ்கேன். அவளோ சிரித்துக்கொண்டே திரிகிறாள். "பிள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லையே, நீ ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்கிறாள்.

அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளைக்கு என்னவென்றுதான் இன்னும் தெரியவில்லை.

உலை கொதிக்கிறது, எழுந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி