வாஃபிள் வாசனையில் அமைந்த ஆட்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தேர்தல் முடிந்து ஐந்து வாரமாக, கூட்டணி ஆட்சி பேச உட்கார்ந்த மூன்று கட்சித் தலைவர்களும் மீன்வளத் துறைக்காக மல்லுக்கட்டினார்கள். இங்கே தலைநகர் ரெய்க்யாவிக்கில் அவர்களுக்குச் சமையல் நான்தான். பேச்சுவார்த்தை முடிந்தால்தான் வாஃபிள் சுடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா! ஞாயிறு காலை அதை மறந்து, எனக்கென்று இரண்டு சுட்டேன். வாசலில் நின்ற நிருபர்கள் வாசனை பிடித்து, ஆட்சி அமைந்துவிட்டதாக வானொலியில் சொல்லிவிட்டார்கள்.

கட்சித் தலைவி ஸ்டெய்ன்வர் அடுப்படிக்கே வந்துவிட்டார். "ஏம்மா, எங்கள கேக்காமலே கவர்மென்ட் அமைச்சிட்டியா?"

அவரோடு மல்லுக்கு நின்ற இன்னொரு கட்சித் தலைவர் பியார்கியும் பின்னாலேயே வந்தார். "மீன நீங்களே வச்சுக்குங்க தாயே, அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க!"

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

நம் வீட்டு ருபார்ப் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். புது மந்திரிகள் காபி கேட்கிறார்கள், ஓடுகிறேன். எதற்காகச் சுட்டாய் என்று எல்லாரும் கேட்டார்கள். ஞாயிறு காலையில் நீங்கள் சுடும் வாசனை வேண்டியிருந்தது என்று சொல்லவில்லை, அப்பா.

உங்கள் சோல்ருன்