அம்மாவின் பாதங்கள் குலுங்கிய செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குட்டிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதப் பேனா மறுக்கிறது, அதனால் நேராக என் அசட்டுத்தனத்துக்கே வருகிறேன். செவ்வாய்க்கிழமை உன் அம்மாவின் ஸ்கேனை நான் கெடுத்துவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

அம்மாவின் தலைவலிக்குக் காரணம் மூளையின் இடப்பக்கத்து ரத்தக்குழாய் ஒன்றில் ஒரு புடைப்பு, சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்புமே அந்த மாதிரி, என்று போனில் சொன்னேன் அல்லவா. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளிருந்தே அதை அடைத்துவிடுவார்களாம். ஆனால் புடைப்பை ஒட்டித் தலைமுடி கனத்தில் இன்னொரு ரத்தக்குழாய் போகிறது, பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் கொண்டுபோவது அதுதான். அது புடைப்பிலிருந்தே கிளம்புகிறதா, பக்கத்திலிருந்தா என்று தெரியாமல் அடைத்தால் அம்மாவுக்குப் பேச்சே போய்விடலாம் என்றார் டாக்டர். இருபத்தேழு வருடமாக அவளிடம் கொஞ்சம் வாயை மூடேன் என்று சொல்லி வந்தவன் நான், அன்று எனக்குத்தான் வாய் மூடிப்போயிற்று.

அதைப் பார்க்கத்தான் இந்த ஸ்கேன். பத்து நிமிடம் தலை இம்மியும் அசையக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "எதையும் தொடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுப்பவர் பிரிண்டருக்குப் பேப்பர் போட எழுந்தார். எந்திரத்துக்கு வெளியே அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன, ஒரு காலில் சாக்ஸ் பாதி கழன்றிருந்தது. எனக்குப் பயம் வந்தால் கூடவே ஜோக்கும் வந்துவிடும், உனக்குத் தெரியும். உள்ளே இருப்பவரோடு பேச வைத்திருந்த மைக்குப் பக்கம் குனிந்து, என்னைப் பத்தின புகாரையெல்லாம் கொஞ்சம் மறைச்சு வை, படத்துல விழுந்துடப் போகுது என்றேன். பாதங்கள் குலுங்கின. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தேனே என்று பெருமைகூடப் பட்டேன், மடையன். டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். பெரிய குழாயெல்லாம் தெரிந்தது, வேண்டிய மெல்லிய குழாய் மட்டும் ஈரக்கையால் தேய்த்த பென்சில் கோடு. வெள்ளிக்கிழமை நடக்க வேண்டிய சிகிச்சை அடுத்த புதனுக்குத் தள்ளிப்போயிற்று, அதுவரை புடைப்பு வெடிக்காமல் இருக்க வேண்டும்.

ஒத்தாசைக்கு வந்த உன் அத்தை, "எங்கண்ணன் வாய் அண்ணி பேச்சுக்கே உலை வச்சிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் போல.

நாளைக் காலை மறுபடி ஸ்கேன். நீ லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, ஆனால் புதன்வரை தினமும் போன் செய். அம்மா பக்கத்துவீட்டுக் கதையை எத்தனை முறை சொன்னாலும் வைக்கட்டுமா என்று கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு.

வாயை அடக்கத் தெரியாத,
அப்பா

உறையை ஒட்டும் முன்: ஸ்கேன் முடிந்தது, படம் நன்றாக விழுந்திருக்கிறதாம், டாக்டர் இனிதான் பார்க்க வேண்டும். தொடங்கும் முன், தைரியமா இரு என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டுமா என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டேன். மைக்கின் அடியில் இருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டு பேசச் சொன்னார், அமுக்காவிட்டால் உள்ளே ஒரு சொல்லும் கேட்காதாம். செவ்வாய்க்கிழமை நான் எதையும் தொடவில்லை.