பெயர் வைக்காத அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன லீவு நாளில் பொழுதுபோகாமல், குடும்ப மரம் வரையும் சாஃப்ட்வேரில் நம் வம்சத்தை ஏற்றினேன். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்குமுன்பே போய்விட்ட அக்காவுக்கும் ஒரு கட்டம் போட்டேன். பெயர் கேட்டது, 'தெரியவில்லை' என்று அடித்தேன். இறந்த தேதியும் தெரியாததால் விட்டுவிட்டேன். உடனே அவளை உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டது.

அறையில் உடன் இருப்பவர் எட்டிப் பார்த்து, "உனக்கு அக்கா இருக்காங்களா? சொல்லவே இல்லையே" என்றார்.

"ஊர்லதான், அம்மாகூட இருக்கா" என்று வாயில் வந்துவிட்டது.

குளிர் அதிகம். யாராவது வந்தால் உன் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. அவளுக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாய் என்பதையும் சொல். தேதியை மட்டும் சொல்லாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் இரண்டாவது பிள்ளை