முப்பத்திரண்டாவது அட்டை

2 ஜூன் 2025, திங்கள்

காலையில் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. ஆறு இலக்கம். இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே செய்தியில் எழுதியிருந்தது. நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? என்னிடம் யார் என்ன கேட்கிறார்கள்?

சிறு நூலகங்களின் கூட்டமைப்பு அனுப்பியது. அவர்களுடைய வெப்சைட்டில் உறுப்பு நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஜோகுபாளையம் அய்யாவு படிப்பகத்தின் பக்கத்துக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் நான்கு ஓடிபி. வேறு யார், முனிராஜ்தான். இன்றைய செயலாளர்.

நான் செயலாளராக இருந்தபோது என் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்த பக்கம் அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னைக் கழற்றிவிட்டார்கள். என் எண்ணைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

இன்று ஒரு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

4 ஜூன், புதன்

இன்று ஆறு ஓடிபி. ஒன்று வகுப்பு நடக்கும்போது வந்தது. பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தவன் அப்படியே நின்று சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. துறைத் தலைவர் மமதா — எனக்கு ஒன்பது வருடம் ஜூனியர், அதை இங்கே இன்னொரு முறை எழுதி வைக்கிறேன் — நடையில் நிறுத்தி, "என்ன சார், இன்கிரிமெண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

வீட்டில் சரசுவும் கவனித்துவிட்டாள். "போனைப் பார்த்து சிரிக்கிறீங்க. இந்த வயசுல எனக்கு இது வேறயா?"

காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

7 ஜூன், சனி

வந்தே விட்டார்.

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக முனிராஜ் என் வீட்டுப் படி ஏறினார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விரல் நகத்தில் இன்னும் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கையில் ஒரு பை நாவல்பழம்.

"சார், கூட்டமைப்புல புது ரூல். இந்த மாசம் முப்பதுக்குள்ள பக்கத்தைப் புதுப்பிக்கணும். இல்லன்னா உறுப்பினர் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. பெட்டி நின்னுடும்."

பெட்டி என்பது புத்தகப் பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மற்ற நூலகங்களிலிருந்து அறுபது புத்தகம் வரும், நம்முடையது அறுபது போகும். அது நின்றால் படிப்பகத்தில் பழைய பஞ்சாங்கமும் ரயில்வே டைம்டேபிளும்தான் மிஞ்சும். நான் தொடங்கிவைத்த ஏற்பாடு. யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

"நம்பரை மாத்தச் சொல்லி எழுதுங்களேன்," என்றேன்.

"கேட்டேன் சார். லெட்டர் குடுக்கணும், அவங்க கமிட்டி கூடணும், மூணு மாசம் ஆகும்னாங்க. இல்லன்னா அந்த நம்பர்காரரைப் போய்க் கேளுங்கன்னாங்க. நம்பர்காரர் நீங்க."

"யோசித்துச் சொல்கிறேன்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன். நன்றாகவே வந்தது. சரசு அவருக்கு நல்ல கோப்பையில் காபி கொடுத்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர். இதையும் குறித்துக்கொள்கிறேன்.

8 ஜூன், ஞாயிறு

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். ஓடிபி கொடுப்பதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. கொடுத்தால் அவர் உள்ளே போவார். 'வரலாறு' என்ற கட்டத்தைப் பார்ப்பார். என் வாக்கியத்தை அழித்துவிடுவார்.

தோற்ற அன்று எழுதியது: "2013 தேர்தலில் நிறுவனர் வகுத்த மரபு மீறப்பட்டது. இன்றைய செயலாளர் ஒரே ஒரு வாக்கில் வந்தவர். அந்த ஒரு வாக்கு அவருடையதே."

நல்ல வாக்கியம். என் எம்.எஸ்சி. ஆய்வேட்டில்கூட இவ்வளவு கச்சிதமாக எதுவும் இல்லை.

எங்கள் படிப்பகத்தில் வாக்குச்சீட்டு கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் புத்தகம் எடுக்கும் தன் அட்டையை இரண்டு பிஸ்கட் டப்பாவில் ஒன்றில் போட வேண்டும். அட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து எண்ணி, நூலால் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் எல்லோருக்கும் புது அட்டை. போட்டியிடும் இருவரும் தங்கள் அட்டையை எதிராளி டப்பாவில் போடுவதுதான் மரபு. மில் தொழிலாளியான அய்யாவு 1958இல் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தனக்குத் தானே கை தூக்கிக்கொள்கிறவன் படிப்பகத்துக்கு வேண்டாம் என்பாராம்.

பச்சை டப்பா எனது, நீலம் முனிராஜுடையது. நான் என் அட்டையை நீலத்தில் போட்டேன். முப்பத்தொன்றுக்கு முப்பத்திரண்டு. அவரும் மரபுப்படி போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். புள்ளியியல் படித்தவனுக்கு இதில் சந்தேகம் வருமா?

பக்கத்தை இதுவரை 614 முறை பார்த்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அதில் ஐந்நூறு நான். மீதி நூற்றுப் பதினாலில் ஒருவர்கூட என்னிடம் வந்து, "ஆதிகேசவன் சார், இது என்ன விஷயம்?" என்று கேட்கவில்லை.

11 ஜூன், புதன்

யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரம் எனக்கில்லை.

14 ஜூன், சனி

அல்சூர் மார்க்கெட்டில் வேதநாயகி அம்மா பிடித்துக்கொண்டார். அய்யாவுவின் அண்ணன் மகள், எழுபத்தொரு வயது. படிப்பகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை அவருடையது. வாக்கு எண்ணுவதும் அவர்தான். துப்பறியும் கதைகள் தவிர வேறெதுவும் தொடமாட்டார்.

"ஆதி, மூணு பாகக் கதை. ரெண்டாம் பாகத்துல டாக்டர் செத்துட்டான். யார் கொன்னான்னு சொல்லாம நிறுத்திட்டான். மூணாம் பாகம் ஜூலைப் பெட்டியில வருது. பெட்டி வரல, நான் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன்னு வை. கொலைகாரன் யாருன்னு தெரியாமலே போவேன். மேல இருந்து தினம் உன்னைத்தான் கேப்பேன்."

"நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள்."

"டாக்டரும் அப்படித்தான் நெனச்சான்."

சரி என்றேன். ஒரு நிபந்தனை: என் வீடு, என் லேப்டாப், விசைகளை நான்தான் தொடுவேன். வாக்கியம் என் கையில் இருக்கும்.

15 ஜூன், ஞாயிறு

முனிராஜ் பத்து மணிக்கு வந்தார். ஓடிபி கேட்டது, என் போனைப் பார்த்து நானே அடித்தேன். திறக்கும் நேரம், புத்தக எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். முகப்புப் படம் பழையது. அதில் நான் மாலையோடு நிற்கிறேன். "அது சும்னே இருக்கட்டும் சார், நல்லாத்தான் இருக்கு," என்றார். சும்மா என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடத்துச் 'சும்னே'தான். எரிச்சலாக இருந்தது. மாற்றச் சொல்லி வாதாடுவார், நான் மறுக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

பிறகு வரலாற்றுக் கட்டம் வந்தது. வேகமாகக் கீழே இழுத்தேன். இன்னும் வேகமாக இழுத்திருக்கலாம். ஏன் இழுக்கவில்லை?

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு சொல்லாக, மெல்லிய குரலில் படித்தார். கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழைப் படிப்பகத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார். 'மரபு' என்ற சொல்லில் சற்று நின்று தாண்டினார்.

படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் உங்களுக்குத்தான் சார் போட்டேன்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"எல்லாரும் சொல்வாங்க. நானும் சொல்றேன்." கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன். போட்டது எதுவும் சேமிக்கப்படவில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "கட்டு அலமாரியிலதான் இருக்கு சார்," என்றார்.

18 ஜூன், புதன்

அவர் பொய் சொல்கிறார். பொய் சொல்கிறவன் ஆதாரம் இருக்கும் இடத்தை எதற்குச் சொல்கிறான்? எனக்கு என்ன வந்தது, வேலையைப் பார்க்கிறேன்.

21 ஜூன், சனி

படிப்பகத்துக்குள் பன்னிரண்டு வருடம் கழித்துக் கால் வைத்தேன். மின்விசிறி அதே சத்தம். வேதநாயகி அம்மா நிமிரக்கூட இல்லை. சாவியை மேசைமேல் நகர்த்தினார்.

"கட்டுல ஒரு மூலையை எலி தின்னுடுச்சு. உன் ஓட்டைத் தின்னுடுச்சுன்னு அதுக்கும் ஒரு வரி எழுதிடாத."

ஆக, அவருக்கும் அந்த வாக்கியம் தெரியும். எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது.

முதலில் பச்சைக் கட்டைப் பிரித்தேன். முப்பத்தொரு அட்டைகள். பத்தொன்பதாவது: முனிராஜ், உறுப்பினர் எண் 58. அவருடைய கையெழுத்து, ம-வுக்குக் கன்னட வளைவு.

என் டப்பாவில்.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் என் கணக்கு எங்கேயோ தவறியிருக்கிறது, எங்கே என்று தெரிய வேண்டாமா? நீலக் கட்டையும் பிரித்தேன். என் அட்டை, எண் 7. அது இருக்கும், நானே போட்டது. மேற்கொண்டு புரட்டினேன். தெரிந்த பெயர்கள், எதிர்பார்த்த பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் மனதில் ஏற்கெனவே பழைய கணக்கு இருந்தது. கடைசி அட்டை, முப்பத்திரண்டாவது. எண் 8.

சரசு ஆதிகேசவன்.

சமைத்துக்கொண்டே படிப்பவள். அட்டையில் மஞ்சள் கறை, முன்னும் பின்னும்.

"குப்புறக் கவுத்தாலும் அந்தக் கறை தெரியும்," என்றார் வேதநாயகி அம்மா. "எண்ணும்போதே பார்த்துட்டேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"கொலைகாரன் யாருன்னு முன்னாடியே சொல்றவ நான் இல்ல."

22 ஜூன், ஞாயிறு

நேற்று கேட்கவில்லை. இன்று காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நீலமா?" என்று மட்டும் கேட்டேன்.

கத்தி நிற்கவில்லை. "ஆமா. நீலம்தான்."

"நானும் நீலத்தில்தான் போட்டேன்."

"நீங்க மரியாதைக்குப் போட்டீங்க. நான் வேணும்னே போட்டேன்."

ஏண்டி என்று கேட்டேனா, கேட்டிருப்பேன்.

"நம்ம பொண்ணு வீணா அப்ப பத்தாவது. கணக்குல முப்பத்தெட்டு. அப்பா காலேஜுல கணக்கு வாத்தியார். அவர் சாயந்திரம் காலேஜ் விட்டா நேரா படிப்பகம், ஒன்பது மணிக்கு வீடு. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அங்க பாடம். நானும் ஆறு மாசம் சொல்லிப் பார்த்தேன். நீங்க என்ன சொன்னீங்க, பொதுக்காரியம்னீங்க. தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து வீட்டுல உக்காந்தீங்க. வேற வேலை இல்லாம அவளைக் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க. தொண்ணூத்தொண்ணு வாங்கினா."

நான் அந்த வருடத்தைத் தோற்ற வருடம் என்றே வைத்திருந்தேன். வீணாவும் நானும் சாப்பாட்டு மேசையில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தது எனக்கு நினைவே இல்லையா? இருக்கிறது. அது வேறு ஏதோ வருடம் என்று நினைத்திருந்தேன்.

"பன்னிரண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"முனிராஜைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல புகுந்து சொல்ல எங்க விட்டீங்க?" பிறகு, "பாவம் அந்த மனுஷன். அதான் நல்ல கோப்பை," என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அவளும் அடக்கினாள். பீன்ஸ் பாதி தரையில்.

28 ஜூன், சனி

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படிப்பகத்துக்குப் போனேன். முனிராஜ் தினசரிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்கள் அட்டையைப் பார்த்தேன்."

"அம்மா சொன்னாங்க சார்."

"மன்னிக்க வேண்டும்" என்பதை வீட்டிலேயே இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். இரண்டும் வாயில் வரவில்லை. அவரே பேசினார்: "நான் நின்னதே தோக்கத்தான் சார். போட்டி இல்லாம தேர்தல் நடத்தக்கூடாது, சும்னே நில்லுங்கன்னு என்னை நிக்க வெச்சது யாரு? நீங்கதானே."

நான்தான். அதையும் பன்னிரண்டு வருடமாக வசதியாக மறந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் மீண்டும் நிரப்பினோம். வரலாற்றுக் கட்டத்தில் வாக்கியத்தை நானே அழித்தேன். நல்ல வாக்கியம்தான், நடக்காத விஷயம். அதற்குப் பதிலாக: "2013 தேர்தலில் முனிராஜ் ஒரு வாக்கில் வென்றார். இருவரும் மரபைக் காத்தனர்." முனிராஜ் இதையும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'மரபு' என்ற இடத்தில் இந்த முறை நிற்கவில்லை.

தொடர்பு எண்ணை மாற்றும்போது என் போனுக்குக் கடைசி ஓடிபி வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றது. சத்தமாக வாசித்தேன். அவர் ஒற்றை விரலால் அடித்தார்.

இரண்டாவது தொடர்பு எண் ஒன்று வேண்டும் என்று கேட்டது. என்னைக் கேட்காமல், என் போனைப் பார்க்காமல், பத்து இலக்கத்தையும் அடித்தார். மனப்பாடம். இத்தனை வருடத்தில் அந்த எண்ணுக்கு ஒரு முறைகூட அழைக்காதவர்.

5 ஜூலை, சனி

இதைப் படிப்பகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டி இன்று வந்தது. ஆணி கழற்றியதும் வேதநாயகி அம்மா மேலே இருந்த ஐம்பத்தொன்பதையும் தள்ளிவிட்டு மூன்றாம் பாகத்தை எடுத்தார். பதிவேட்டில் எழுதக்கூட விடவில்லை. இப்போது நூறாவது பக்கம். கொலைகாரன் கம்பவுண்டர்தான் என்கிறார். இல்லை என்று முனிராஜ்.

முனிராஜ் இன்னொன்றும் சொன்னார். ஆகஸ்டில் தேர்தல், போட்டிக்கு ஆள் வேண்டும். "இந்தத் தடவை நீங்க சும்னே நில்லுங்க சார்."

சரசுவிடம் சொன்னேன். நில்லுங்கள் என்றாள். "ஆனா எட்டு மணிக்கு வீட்டுல இருக்கணும். இல்லன்னா என் அட்டை எந்த டப்பாவுல விழும்னு உங்களுக்கே தெரியும்."

மணி ஏழு நாற்பது. கிளம்புகிறேன்.